தடைக்காலத்தில் மீன் வாங்குவது தப்பா? கடலைப் பூட்டிவைத்தால் மீன் பெருகுமா?

ஏப்ரல் 16, 2025 (கேள்வி)

மீன்பிடித் தடைக்காலம் நேற்று ஆரம்பித்துவிட்டது. ஆனால் எங்கள் ஏரியா மார்க்கெட்டில் மீன் வழக்கம்போல் விற்கிறது. மீன்கள் முட்டையிடும் நேரத்தில் பிடித்து வந்ததை வாங்கித் தின்பது தப்பில்லையா? இரண்டு மாதம் கடலை மொத்தமாகப் பூட்டிவைத்தால்தானே இந்தத் தடைக்கு அர்த்தம்?

ஏப்ரல் 16, இரவு

கடலை யாரும் பூட்டவில்லை. பூட்டியிருப்பது விசைப்படகை மட்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக்கூடாது. நாட்டுப்படகு, வள்ளம், கட்டுமரம் எல்லாம் போகலாம், போய்க்கொண்டும் இருக்கின்றன. மேற்குக் கரையில் தடை ஜூன் 1க்குத்தான் தொடங்கும், ஆகவே அங்கிருந்து லாரி லாரியாக மீன் வரும். மிச்சம், பண்ணை இறாலும் குளிர்கிடங்கில் கிடந்த மீனும். உங்கள் மார்க்கெட்டில் இந்த நாலில் ஒன்றுதான் இருக்கும். வாங்குங்கள், ஒரு தப்பும் இல்லை. சொல்லப்போனால் நாட்டுப்படகுக்காரனுக்கு நாலு காசு நல்ல விலை கிடைப்பது இந்த இரண்டு மாதத்தில்தான்.

ஏப்ரல் 17

"முட்டையிடும் காலம்" பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நேற்று தூக்கம் வந்துவிட்டது.

ஒவ்வொரு ஏப்ரலிலும் செய்தித்தாளில் அதே வரி வரும்: மீன்களின் இனப்பெருக்கக் காலத்தை முன்னிட்டு. இதைப் படித்துப் படித்து, ஏதோ சித்திரை ஒன்று பிறந்ததும் எல்லா மீனும் சொல்லிவைத்தாற்போல் சினை பிடிப்பதாக ஒரு எண்ணம் வந்துவிட்டது. குளிர்க்கடல்களில் அப்படி ஓரளவு நடக்கும். வட அட்லாண்டிக்கின் காட் மீனுக்கு வருஷத்தில் ஒரு பருவம்தான். நம் வெப்பக்கடலில் கதை வேறு. இங்கே நூற்றுக்கணக்கான இனங்கள் ஒரே மடியில் (விசைப்படகு இழுக்கும் பை வலை) ஏறுகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு. காரல் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் தவணை தவணையாக முட்டையிடும். இறாலும் அப்படித்தான், சில மாதம் கூட, சில மாதம் குறைய. மத்தி (எங்கள் பக்கம் சாளை) மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழையோடு, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உச்சம். சீலா (வஞ்சிரம்) பல மாதத்துக்கு இழுக்கும்.

அந்த 61 நாளில் எதுவும் முட்டையிடுவதில்லை என்று சொல்லவில்லை. நிறையவே இடும். ஆனால் அந்த நாள்களைத் தேர்ந்தெடுத்ததற்கு முட்டை மட்டுமே காரணம் என்றால், கொஞ்சம் பொறுங்கள் என்பேன். தமிழ்நாட்டில் இது 2001இல் வந்தபோது ஏப்ரல் 15 முதல் மே 29 வரை 45 நாள். 2017இல் 61 ஆனது. இடைப்பட்ட காலத்தில் மீன் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 2020இல் கொரோனா ஊரடங்கில் ஏற்கனவே படகெல்லாம் கரையில் கிடந்ததால் மே 31 வரை என்று 47 நாளாகக் குறைத்தார்கள். அதிலும் மீனிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

ஏப்ரல் 17, கொஞ்ச நேரம் கழித்து

"மீன்வளத் துறையில் படித்தவரா?" என்று கேட்டவருக்கு: இல்லை. மண்டபம் பக்கம். மாமாவுக்கு ஒரு விசைப்படகில் பங்கு இருந்தது. பள்ளி விடுமுறையில் ஜெட்டியில் சங்காயம் (மடியில் கூடவே வரும் பொடி மீன், கழிவு மீன்) பிரித்திருக்கிறேன், பிறகு கொஞ்ச காலம் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதினேன். படிப்பு அவ்வளவுதான். மற்றது, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் பல வருஷம் எங்கள் மண்டபம் முகாமில்தான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. அங்கே வேலை செய்தவர்கள் டீக்கடையில் பேசுவதைக் கேட்டே பாதி தெரிந்துகொண்டோம்.

ஏப்ரல் 20

"அப்போ தடையே வேண்டாம் என்கிறீர்களா, விசைப்படகு முதலாளிக்கு வக்காலத்தா" என்று இரண்டு பேர் பாய்ந்திருக்கிறார்கள். நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அப்படி ஒரு வாடை அடிக்கத்தான் செய்கிறது. அதனால் நீட்டியே எழுதுகிறேன்.

தடை வேண்டும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது செய்யும் வேலை முட்டைக்குக் காவல் இருப்பது மட்டும் இல்லை, மடிக்கு ஓய்வு கொடுப்பது. பாக் நீரிணை ஆழமே இல்லாத கடல். பெரும்பகுதியில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தேறினால் அதிகம். அடியில் சேறும் கடல்புல்லும். அந்தத் தரையில் பலகை கட்டிய மடியை, வருஷத்தில் பத்து மாதம், நூற்றுக்கணக்கான படகுகள், அதே தடத்தில் இழுக்கின்றன. உழுத வயலைக்கூட ஒரு போகம் தரிசு போடுவார்கள். அந்தத் தரிசுதான் இந்த 61 நாள்.

தடை முடிந்த முதல் வாரத்தில் இறால் கொட்டுகிறதே, அது எங்கிருந்து வருகிறது? தடைக்காலத்தில் பிறந்த குஞ்சு இரண்டே மாதத்தில் எல்லாம் விற்பனைக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏப்ரலில் ஏற்கனவே சின்னதாக இருந்தது, யாரும் வாராததால் ஜூனில் பெரிசாகியிருக்கிறது. இறால் வேகமாக வளரும் பிராணி, இரண்டு மாதம் அதற்குப் பெரிய காலம். கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு) குறையும், விலை கூடும். இது நல்ல விஷயம்தானே? ஆனால் அடுத்த மாதத்துக்குள் அதே படகுகள் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கி வாரிவிடுகின்றன. பிறகு பழையபடி "பாடு இல்லை", அதாவது மீன் இல்லை.

ஐஸ் கம்பெனியில் இருந்தபோது கணக்கு நோட்டிலேயே இது தெரியும். தடை முடிந்த வாரம் பார் ஐஸ் கேட்டுச் சண்டை நடக்கும். ஆடி பிறந்து கொஞ்ச நாளில் ஐஸ் உருகி வீணாகும்.

ஏப்ரல் 28

கொல்லத்தில் வேலை பார்க்கும் நண்பர் எழுதியிருக்கிறார்: "கேரளத்தைப் பாருங்கள், 1988இலிருந்து டிராலிங் தடை, அதனால்தான் அங்கே மத்தி செழிப்பு."

அண்ணே, மத்தியைத் தவிர வேறு எந்த மீனைச் சொல்லியிருந்தாலும் சண்டைக்கு வந்திருக்க மாட்டேன். 2012இல் கேரளத்தில் கரையிறங்கிய மத்தி ஏறக்குறைய 3.9 லட்சம் டன். 2021இல் 3,297 டன். லட்சம் இல்லை, வெறும் ஆயிரம். நூறில் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் அந்த ஒன்பது வருஷமும் தடை ஒழுங்காக நடந்தது. 2018இல் 52 நாளாகக் கூட்டவும் செய்தார்கள்.

ஏன் இப்படி ஆனது? கடல் சூடானது, எல் நினோ, மழையும் ஆழத்திலிருந்து மேலெழும் நீரும் மாறியது, இது ஒரு பக்கம். மத்தி அப்படிப்பட்ட மீன், ஒரு பருவம் தவறினால் காணாமல் போகும், சரியான பருவம் வந்தால் திரும்பும். 2023இல் மறுபடி லட்சத்தைத் தாண்டிவிட்டது. இன்னொரு பக்கம், மத்தியைப் பிடிப்பது அடிமடி (கடல் தரையில் இழுக்கும் மடி) இல்லை, ரிங் வலை (கூட்டத்தைச் சுற்றி வளைக்கும் வலை). அது "பாரம்பரிய" வள்ளங்களின் கணக்கில் வருவதால் தடை அதைத் தொடுவதில்லை. அந்தப் பாரம்பரிய வள்ளத்தில் எத்தனை குதிரைசக்தி இஞ்சின், எத்தனை ஆள், வலை எத்தனை நீளம் என்று கொல்லத்திலேயே ஒருமுறை நின்று பாருங்கள்.

கேரளத்தைப் பாராட்ட வேண்டியது வேறு விஷயத்துக்கு. மீனுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்தார்கள், மத்தி 10 சென்டிமீட்டருக்குக் கீழே பிடித்தால் அபராதம். நம்மிடம் பேச்சு இன்னும் நாள் கணக்கிலேயே நிற்கிறது.

மே 6

"கன்னியாகுமரி மாவட்டத்துக்கு எந்தத் தடை?" இரண்டும். கிழக்குப் பக்கத்துக்கு ஏப்ரல் 15 முதல், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் உள்ள மேற்குப் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. முனையில் சுற்றித் திரியும் மீன் கையில் முகவரிச் சான்று வைத்துக்கொள்வது நல்லது.

மே 19

நிவாரணம் பற்றிக் கேட்டிருந்த தங்கச்சிக்கு. குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 5,000 ஆக இருந்ததை 2023இல் அறிவித்து உயர்த்தினார்கள். 61 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் பேர் இருந்தால் கிடைக்கும். ஜெட்டியில் கூடை தூக்குபவர், ஐஸ் உடைப்பவர், சங்காயம் காயவைக்கும் பெண்கள் பலருக்குப் பேர் இல்லை, பணமும் இல்லை. கடலுக்கு ஓய்வு கொடுத்த செலவில் அவர்கள் பங்கை யாரும் எழுதி வைப்பதில்லை.

முதலாளி பாடு வேறு மாதிரி. நேற்று மச்சான் படகைக் கரையேற்றியிருக்கும் இடத்துக்குப் போயிருந்தேன். பலகை மாற்றி, கலப்பத்து அடித்து (பலகை இடுக்கை அடைத்து), பெயின்ட் பூசி, இஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறான். லட்சக்கணக்கில் போகும். பணம் எங்கிருந்து? வியாபாரி முன்பணம். அந்த முன்பணத்துக்கு வட்டி கிடையாது, அதற்குப் பதிலாகச் சரக்கு அவருக்குத்தான். விலை அவர் சொல்வதுதான். தடை முடிந்து முதல் நாள் நல்ல இறால் வரும்போது விலை ஏன் விழுகிறது என்று ஒவ்வொரு வருஷமும் ஆர்ப்பாட்டம் நடக்கும், விழுவதும் நடக்கும். அந்தக் கடனை அடைக்கத்தான் ஜூனில் மடி இன்னும் ஆழமாக இறங்குகிறது, இன்னும் வடக்கே போகிறது. தடையும் கடனும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கின்றன என்பது மீன்வளக் கூட்டங்களில் ஏன் பேசப்படுவதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

மச்சான் இதைப் படித்தால் "நீ கணக்கு மட்டும் எழுது" என்பான்.

மே 27

கொச்சிக் கடலில் கப்பல் மூழ்கியதிலிருந்து இழை முழுக்க ஒரே கேள்வி: மீன் சாப்பிடலாமா, கார்பைட் கலந்துவிட்டதாமே?

தெரிந்தது இவ்வளவு. எம்.எஸ்.சி. எல்சா 3, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி போகும் வழியில் சாய்ந்து, 25ஆம் தேதி மூழ்கியது. 24 பேரும் தப்பிவிட்டார்கள். 640 கொள்கலன், அதில் 13 அபாயகரமான சரக்கு, அந்த 13இல் 12 கால்சியம் கார்பைட். டீசலும் உலை எண்ணெயுமாகச் சுமார் 450 டன் எரிபொருள்.

கார்பைட் என்றதும் மாம்பழக் கல் ஞாபகம் வந்து ஊரே பதறுகிறது. அந்தக் கல் தண்ணீரில் பட்டால் அசிட்டிலின் வாயுவும் சுண்ணாம்பும் ஆகும். வாயு தீப்பிடிக்கும், கொள்கலன் பக்கத்தில் போகிறவனுக்கு ஆபத்து. மீன் தசையில் சேர்ந்து உங்கள் குழம்புக்கு வரும் வகை இல்லை அது. பயப்பட வேண்டுமானால் எண்ணெய்க்குப் பயப்படுங்கள், அதுவும் முதலில் அந்தக் கடலில் தொழில் செய்கிறவன் வலைக்காக. எங்கள் பக்கம் தடைக்காலம், விசைப்படகு கரையில். நாட்டுப்படகில் வரும் மீனை எல்சா 3 தொட்டிருக்க வழி இல்லை. ஆனாலும் நேற்று மண்டபத்தில் நெத்திலி வாங்க ஆள் இல்லை. 2018இல் கேரள எல்லையில் ஃபார்மலின் மீன் பிடித்தபோதும் இதே கதை. அப்போதும் தெருவில் மீன் விற்ற பாட்டிகளுக்குத்தான் அடி, வெளிமாநிலத்திலிருந்து லாரியில் ஏற்றியவர்களுக்கு இல்லை.

மே 31

கொள்கலனைவிட மோசமானது பின்னால் வந்திருக்கிறது. பயறு அளவு வெள்ளை பிளாஸ்டிக் மணிகள், நர்டில். கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கிவிட்டன. பருவமழைக் காலத்தில் மேற்குக் கரை நீரோட்டம் தெற்கு நோக்கிப் போகும், அதனால் கொச்சியில் விழுந்தது குமரிக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை.

யாழ்ப்பாணத்து நண்பர் இதற்குக் கீழே ஒரே வரியில் "எங்களுக்கு இது பழசு" என்று எழுதியிருக்கிறார். உண்மை. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் எரிந்து, ஜூன் 2இல் மூழ்கியபோது சுமார் 1,680 டன் நர்டில் கடலில் கொட்டியது. நீர்கொழும்புக் கரையில் முழங்கால் அளவு கிடந்த படங்களை நினைத்துப் பாருங்கள். அந்தக் கப்பலில் கசிந்துகொண்டிருந்த நைட்ரிக் அமிலக் கொள்கலனை இறக்கிக்கொள்ளும்படி ஹசீராவிலும் கத்தாரின் ஹமாதிலும் கேட்டு முடியாமல் போனது என்பதை இங்கே யாரும் பேசுவதில்லை. ஹசீரா குஜராத்தில் இருக்கிறது.

ஜூன் 3

கப்பலை விட்டுவிட்டுத் தடைக்கு வருகிறேன். "அரசாங்கம் சொல்லாமல் யாராவது தாங்களாகவே கடலுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்களா?" நல்ல கேள்வி. கொடுத்திருக்கிறார்கள், எங்களுக்குப் பக்கத்திலேயே. பாம்பன் சின்னப்பாலத்துக் கடல்பாசி எடுக்கும் பெண்கள். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் வெறும் கையில், விரலில் துணி சுற்றிக்கொண்டு, பவளப்பாறை இடுக்கில் பறிப்பவர்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, மீன் தடைக்காலத்தில் 45 நாள் பாசியையும் தொடுவதில்லை என்று அவர்களே கூடிப் பேசி வைத்துக்கொண்டார்கள். சட்டம் எதுவும் கேட்கவில்லை. அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு (தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தருவது) கிடைத்தது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைக் காட்டி இதே பெண்களை விரட்டிய கதையும் உண்டு. அது இன்னொரு நாள்.

ஜூன் 9

"வடக்கே போகிறது" (இலங்கைக் கடல் பக்கம் என்று அர்த்தம்) என்று மே மாதம் எழுதியதை யாழ்ப்பாணத்தவர் பிடித்துக்கொண்டார். பிடிக்கத்தான் செய்வார்.

அவர் சொல்வது: "உங்கள் தடைக்காலம்தான் எங்களுக்கு நிம்மதிக்காலம்." தமிழ்நாட்டு விசைப்படகு கரையில் கிடக்கும் இந்த இரண்டு மாதம் யாழ்ப்பாணத்து மீனவர்கள் பயமில்லாமல் வலை விடுகிறார்கள், காலையில் போய்ப் பார்த்தால் வலை இருக்கிறது. மற்ற மாதங்களில் இராமேஸ்வரம் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. மீதி நாள் நாட்டுப்படகுக்கு. 1970களின் மோதல்களுக்குப் பின் நமக்குள் நாம் செய்துகொண்ட ஏற்பாடு அது. நம் நாட்டுப்படகுக்காரனோடு கடலைப் பகிர்ந்துகொள்ள ஒத்துக்கொண்டோம், எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ளவனும் நாட்டுப்படகுக்காரன்தான் என்பதை மட்டும் மறந்துபோனோம். இலங்கை 2017இல் அடிமடியையே சட்டம் போட்டுத் தடை செய்தது. அவர்கள் கடற்படை எங்கள் பையன்களை அடிப்பதையும் சிறை வைப்பதையும் நான் நியாயப்படுத்தவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

மாற்று வழி வரவில்லையா என்றால் வந்தது. அதே 2017இல், அடிமடிப் படகை ஒப்படைத்தால் ஆழ்கடல் படகு, விலை 80 லட்சம், மானியம் 70 சதவீதம், 20 கடன், 10 சொந்தக் காசு. மூன்று வருஷத்தில் 2,000 படகு என்றார்கள். அதன் பக்கத்தில்கூட வரவில்லை. காலையில் போய் அடுத்த நாள் திரும்புகிறவனை, வாரக்கணக்கில் தங்குகடலுக்குச் சூரை பிடிக்கப் போ என்பது வேறு தொழிலுக்குப் போ என்பதுதான். சூரைத் தூண்டில் போடுவதைக் குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் தலைமுறையாகச் செய்கிறார்கள். எங்கள் ஆள்களுக்கு இறாலைத் தவிர ஒன்றும் தெரியாது.

ஜூன் 10

போனுக்கு மீன் தகவல் வரவில்லையே என்று கேட்டவருக்கு: ஆமாம், இன்காய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) மீன் கிடைக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகச் சொல்லும் தகவல் தடைக்காலத்தில் வராது. உங்கள் போன் கெட்டுப்போகவில்லை.

ஜூன் 22

படகுகள் இறங்கிவிட்டன. ஜெட்டிக்குப் போனேன். இறால் நன்றாக இருக்கிறது, எல்லார் முகத்திலும் வெளிச்சம். விலை, எதிர்பார்த்ததுதான்.

நான் போனது சங்காயம் பார்க்க. குவியல் குவியலாகக் கிடந்தது. சின்ன நண்டு, விரல் நீளக் கணவாய், காரல், கிளிஞ்சல், நட்சத்திர மீன், நடுவே விளைமீன் குஞ்சும் ஊளிக் குஞ்சும். ஒரு கூடையைக் கவிழ்த்துக் கிளறினேன், பழைய பழக்கம். தின்னக்கூடிய மீனாக வளர்ந்திருக்க வேண்டியது எவ்வளவு என்று யாரும் எடை போடுவதில்லை. இது காய்ந்து கோழித்தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போகும். மீன்மாவு இறால் பண்ணைத் தீவனத்துக்கும் போகும். தடைக்காலத்தில் பண்ணை இறால் வாங்கி மனத்தைத் தேற்றிக்கொண்டவர்கள் இதைக் கவனிக்க.

விதி என்னவோ இருக்கிறது. மடியின் கடைசிப் பையில் கண்ணி 40 மில்லிமீட்டர். அதுவும் சதுரக் கண்ணியாக இருந்தால் நல்லது, ஏனென்றால் வழக்கமான சாய்சதுரக் கண்ணி இழுபடும்போது மூடிக்கொள்ளும், குஞ்சு வெளியேற இடமிருக்காது. சதுரம் திறந்தே இருக்கும். ஒரு டிரைவரிடம் கேட்டேன். "40 போட்டால் இறாலும் போய்விடும் அண்ணே, பக்கத்துப் படகுக்காரன் போடுவானா?" என்றார். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரு மாதத் தடைக்கு ஊரே கட்டுப்படுகிறது, ஏனென்றால் எல்லார் படகும் கரையில் நிற்பது கண்ணுக்குத் தெரியும். பக்கத்துப் படகின் கண்ணி அளவு தண்ணீருக்குள் இருக்கிறது. அதை ஜெட்டியில் அளக்கலாம், கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும்போதே அளக்கலாம். நான் பார்த்தவரை அளந்தது இல்லை.

ஜூன் 24

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து "அப்போ நான் எதைத்தான் வாங்குவது, எதை விடுவது?" என்கிறார்.

நெத்திலி, சாளை, காரல் தாராளமாக வாங்குங்கள், அவை வளர்ந்தாலே அவ்வளவுதான். சீலாவும் பாறையும் ஊளியும் குட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள். முழ நீளம்கூட இல்லாத சீலா ஒருமுறைகூட முட்டையிட்டிருக்காது. "குட்டி வஞ்சிரம், முள்ளே இருக்காது, வறுக்க நல்லா இருக்கும்" என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். எந்த மாதமானாலும் அதை வாங்காதீர்கள்.